இருபது பீஸ் ஆர்டர்

கொங்கு நாட்டில் ஊர் நோம்பி, அதாவது திருவிழா என்றால் இப்போதெல்லாம் இளைஞர்கள் ஒரே மாதிரி டி-சர்ட் போட்டுக்கொண்டு வருகிறார்கள். நெஞ்சில் மாரியம்மன் படம், முதுகில் அவரவர் பெயர். மொத்தமே இருபது, முப்பது சட்டைதான். முன்பெல்லாம் இந்த ஆர்டரைத் தூக்கிக்கொண்டு திருப்பூரில் ஒரு பெரிய பிரிண்டிங் பட்டறைக்குப் போனால், "தம்பி, ஐந்நூறு பீஸ் இருந்தா வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள்.

அவர்கள் கணக்கும் சரிதான். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் வேண்டும். ஆறு நிறம் என்றால் ஆறு ஸ்கிரீன். அந்தச் செலவு இருபது சட்டைக்கும் அதேதான், இருபதாயிரம் சட்டைக்கும் அதேதான். பெரிய ஆர்டரில் பைசாவாகக் கரைந்துபோவது, சின்ன ஆர்டரில் சட்டை விலையையே தின்றுவிடும்.

மொத்த ஆர்டரில் வளர்ந்த ஊர் திருப்பூர். 1978இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் மும்பை ஏற்றுமதியாளர்கள் மூலம் இங்கே வந்து வெள்ளை டி-சர்ட் கேட்டார். உள்நாட்டுக்குப் பனியனும் ஜட்டியும் தைத்துக்கொண்டிருந்த ஊரில் அவர் கேட்டது புதுச் சரக்கு. 1981இல் ஐரோப்பியக் கடைத்தொடரான சி அண்ட் ஏ வந்தது. 1985இல் 15 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி, 2024-25இல் ஏறத்தாழ 40,000 கோடி.

இந்த வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் ஊரின் இயந்திரங்களையே மாற்றினார்கள். லாட்டுக்கு லாட் சாயம் மாறக் கூடாது என்றார்கள்; வின்ச் என்ற பழைய சாய இயந்திரம் போய் சாப்ட்ஃப்ளோ இயந்திரம் வந்தது. துவைத்தால் சுருங்கக் கூடாது என்றார்கள்; துணியை முன்பே சுருக்கிவிடும் காம்பேக்டிங் வந்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் அத்தனையும் ஒரே திசை: அதே சரக்கு, இன்னும் துல்லியமாக, இன்னும் அதிகமாக. இருபது பீஸ் கேட்டவனுக்கு அதில் ஒன்றும் இல்லை.

அமெரிக்கப் பேராசிரியர் கிளேட்டன் கிறிஸ்டென்சன் 1997இல் எழுதிய நூலில் இதைத்தான் ஆராய்ந்தார். பெரிய நிறுவனங்கள் சறுக்குவது வாடிக்கையாளர் பேச்சைக் கேட்காததால் அல்ல. தங்கள் பெரிய வாடிக்கையாளர் பேச்சை மட்டும் கருத்தாகக் கேட்பதால் என்றார். அவர் பார்த்தது கணினியின் ஹார்ட் டிஸ்க் தொழில். பெரிய கணினி செய்தவர்கள் சின்ன டிஸ்க்கைச் சீண்டவில்லை. சின்னக் கணினி செய்தவர்கள் வாங்கி அதை வளர்த்துவிட்டார்கள்.

திருப்பூரில் அந்தச் சின்ன டிஸ்க்கின் இடத்தில் இருப்பது டி.டி.எஃப். பிரிண்டிங். படத்தைத் துணியில் அச்சிடாமல், ஒரு பிளாஸ்டிக் பிலிமில் அச்சிடுகிறார்கள். வண்ணத்தின் மேல் வெள்ளை மை. அதன் மேல் பசைப்பொடி தூவிச் சூடுகாட்டுகிறார்கள். பிறகு சட்டையில் வைத்து ஹீட் பிரஸ்ஸில் சில நொடிகள் அழுத்தினால் முடிந்தது. ஸ்கிரீன் கிடையாது. முதல் சட்டைக்கு என்ன செலவோ, ஆயிரமாவது சட்டைக்கும் கிட்டத்தட்ட அதே செலவு.

வந்த புதிதில் பழைய பிரிண்டர்கள் இதைக் கேலி செய்யக் காரணம் இருந்தது. படம் துணியோடு ஒன்றாமல் மேலே ஒட்டினாற்போல் நிற்கும், போட்டால் அந்த இடம் வேர்க்கும், மட்டமாக ஒட்டியிருந்தால் சில துவைப்பில் விரிசல் விடும். பெரிய பிராண்டின் துவைப்புச் சோதனைக்கு முன் நிற்கவே யோசிக்க வேண்டிய சரக்கு. நோம்பி இளைஞருக்கோ, கபடி அணிக்கோ, இன்ஸ்டாகிராமில் கடை போட்டிருக்கும் கல்லூரிப் பெண்ணுக்கோ அது பொருட்டே இல்லை. அந்தப் பெண்ணின் பயம் வேறு: நூறு சட்டை அச்சடித்து வைத்து, விற்காமல் போனால்? திருப்பூரின் காதர்பேட்டைச் சந்தையில் வெற்றுச் சட்டை வாங்கி வைத்துக்கொண்டு, ஆர்டர் வந்த பிறகு அச்சடித்தால் அந்தப் பயம் இல்லை. இந்த இயந்திரத்துக்கு வேலை கொடுத்தது தரம் அல்ல, சரக்குத் தேங்கிவிடுமோ என்ற பயம்தான் என்பேன்.

கிறிஸ்டென்சன் சொன்னபடி புதியது ஏறி வந்து பழையதை வீழ்த்திவிடுமா? திருப்பூரில் அப்படி நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பத்தாயிரம் பீஸ் ஆர்டரில் ஸ்கிரீனின் விலையோடு பிலிம் இன்னும் போட்டி போட முடியாது. ஆனால் இறக்குமதியாளருக்கு அனுப்பும் சாம்பிள் சட்டை ஒன்றிரண்டுதான். அந்த வேலைக்கு ஆறு ஸ்கிரீன் செய்ய எந்தப் பெரிய கம்பெனிக்கும் இனி மனம் வராது.