உங்கள் பெயரைத் தேடினால் யார் தெரிவார்?

(உயர்தர மாணவியருக்கும் இளம் பழைய மாணவியருக்கும் எமது சங்கம் நடத்திய தொழில் வழிகாட்டல் கருத்தரங்கில், உயர்கல்விக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



வியாபார நிர்வாக முதுமாணி, அதாவது எம்.பி.ஏ. படிப்புக்கு விண்ணப்பிக்கும் பழைய மாணவிகள் எம்மிடம் ஆலோசனை கேட்டு எழுதுவதுண்டு. கொழும்பில் வேலை பார்த்துக்கொண்டே படிக்க விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். லண்டன், ரொறன்ரோ, சிங்கப்பூர் என்று புறப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். பரீட்சைப் புள்ளி, கட்டுரை, பரிந்துரைக் கடிதம் பற்றியெல்லாம் விபரமாகக் கேட்பார்கள். சமூக ஊடகம் என்று வந்தால் மட்டும் ஒரே கேள்விதான்: "அக்கா, எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு விண்ணப்பிக்கட்டோ?"

அவசரப்பட்டு அழிக்க வேண்டாம் என்பதே எமது பதில். அதற்கான காரணங்களை இன்று சொல்கிறோம்.

முதலில், அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2017இல் ஹார்வர்ட் கல்லூரி, இளமாணிப் படிப்புக்குத் தெரிவுசெய்திருந்த குறைந்தது 10 பேரின் அனுமதியைத் திரும்பப் பெற்றது. அவர்கள் முகநூலில் ஒரு தனிப்பட்ட குழுவில் பாலியல் வன்முறையையும் சிறுபான்மையினரையும் கேலிசெய்யும் படங்களைப் பகிர்ந்திருந்தார்கள். பூட்டிய குழுவானாலும் அதன் திறப்பு உள்ளே இருக்கும் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. எமது வட்ஸ்அப் குழுக்களுக்கும் இது பொருந்தும்.

அமெரிக்காவுக்குப் போக நினைப்பவர்கள் இன்னொரு வாசலையும் கடக்க வேண்டும். 2019 முதல் விசா விண்ணப்பத்தில், கடந்த 5 ஆண்டுகளில் பாவித்த சமூக ஊடகக் கணக்குகளின் பெயர்களைக் கேட்கிறார்கள். மாணவர் விசா கேட்பவர்கள் தமது கணக்குகளை எவரும் பார்க்கக்கூடியதாகத் திறந்துவைக்க வேண்டும் என்று 2025 ஜூனில் அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் அறிவித்தது. அங்கே ஒளித்துவைக்க இடமில்லை. கேட்ட கணக்கை மறைப்பது, அதில் இருக்கும் பதிவைவிடப் பெரிய சிக்கலைக் கொண்டுவரும்.

ஆனால், தங்கைமாரே, எமது பிள்ளைகளிடம் நாம் அதிகம் காண்பது வேறொரு குறை. தேடினால் தவறாக எதுவும் வருவதில்லை, எதுவுமே வருவதில்லை. முகநூலில் முகத்துக்குப் பதில் ஒரு ரோசாப்பூ இருக்கும். பெயருக்குப் பதில் ஒரு செல்லப்பெயர் இருக்கும். படத்தை எடுத்து மாற்றி உலாவவிடுவார்கள் என்ற பயமும், சனம் என்ன சொல்லும் என்ற பயமும் இதற்குக் காரணம். இவை வீண் பயங்கள் அல்ல. இப்படிப்பட்ட துன்பத்தைப் பல பெண்கள் அனுபவித்திருக்கிறார்கள்.

இருந்தும் அதன் விலையைப் பாருங்கள். ஒரு வங்கிக் கிளையில் கடன் பகுதியைப் பொறுப்பாக நடத்தும் பெண் விண்ணப்பிக்கிறாள். அவளுடன் வேலை செய்யும் ஆணும் விண்ணப்பிக்கிறான். அவனுடைய பதவி, செய்த வேலைகள், மேலாளர் எழுதிய பாராட்டு எல்லாம் லிங்க்ட்இன்னில் இருக்கின்றன. அவளுடையது வெறுமையாக இருக்கிறது. தெரிவுக் குழு இணையத்தில் தேடாமலே விடலாம். தேடினால், கட்டுரையில் சொன்னவற்றுக்கு அவளிடம் மட்டும் சாட்சி இல்லை. முகாமைத்துவம் என்பதே நாலு பேர் முன்னால் நின்று பொறுப்பேற்பது. நாம் வாழ்நாள் முழுக்கப் பூவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அந்த இடத்தைக் கேட்க முடியாது.

ஆகவே வீட்டுக்கு விறாந்தையும் உள்ளறையும் இருப்பது போல இணையத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். லிங்க்ட்இன் விறாந்தை. அங்கே உங்கள் சொந்தப் பெயர், படிப்பு, வேலை, பொறுப்புகள் இருக்கட்டும். படத்தை யார் பார்க்கலாம் என்பதை நீங்களே தீர்மானிக்க அதில் வசதி உண்டு. தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் காட்டலாம். முகநூலும் இன்ஸ்டகிராமும் உள்ளறை. பழைய பொதுப் பதிவுகளை நண்பர்களுக்கு மட்டும் என்று ஒரே தடவையில் மாற்றும் வசதி முகநூலில் இருக்கிறது. மற்றவர்கள் உங்கள் பெயரை இணைக்கும் படங்கள் உங்கள் பக்கத்தில் வருமுன் உங்கள் சம்மதத்தைக் கேட்கும்படியும் செய்யலாம்.

இந்த வேலையை விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். உங்கள் கணக்குகளிலிருந்து வெளியேறி, அந்நியர் தேடுவதுபோல உங்கள் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடிப் பாருங்கள். எமது பெயர்களில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், கடவுச்சீட்டில் இன்னொன்று, திருமணத்தின் பின் மூன்றாவது என்று இருக்கும். தந்தையின் பெயர் முன்னால் வருவதால் வெளிநாட்டுப் படிவங்களில் அதுவே உங்கள் பெயராகிவிடும். கடவுச்சீட்டில் உள்ளதையே எங்கும் பாவியுங்கள்.

அடுத்ததாக, லிங்க்ட்இன்னில் உள்ள பதவிகளும் திகதிகளும் விண்ணப்பத்தில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். சில கல்லூரிகள் அனுமதி வழங்கிய பின்பும் தனியார் நிறுவனங்களைக் கொண்டு வேலை விபரங்களைச் சரிபார்க்கின்றன. உதவி முகாமையாளர் என்பதை முகாமையாளர் என்று எழுதினால், கிடைத்த இடமும் போய்விடலாம். வாடிக்கையாளரையோ மேலதிகாரியையோ கேலிசெய்த பதிவுகள் இருந்தால் அவற்றை எடுத்துவிடுங்கள்.

கேட்கத் தயங்கும் ஒரு கேள்வியையும் நாமே எடுத்துச் சொல்கிறோம். போரில் இழந்தவர்களுக்காக விளக்கேற்றிய படத்தை என்ன செய்வது? துயரத்தை நினைவுகூர்வது வெட்கப்பட வேண்டிய விடயமல்ல. அதை அழிக்கச் சொல்ல எமக்கு மனமும் இல்லை. ஆனால் தடைசெய்யப்பட்ட அமைப்புகளின் சின்னங்கள் சட்டச் சிக்கலைத் தரக்கூடும். போகும் நாட்டின் சட்டத்தை அறிந்துகொள்ளுங்கள். இன்னொரு இனத்தவரை இழிவாகப் பேசிய பதிவு இருந்தால், விண்ணப்பம் இல்லாவிட்டாலும் அது இருக்கக்கூடாது.

கடைசியாக, உலகெங்கும் இருக்கும் அக்காமாரிடம் ஒரு வேண்டுகோள். எமது பாடசாலைப் படங்களைப் பகிரும்போது சின்னவர்களின் பெயர்களைக் கேளாமல் இணைக்காதீர்கள். உங்களோடு வேலை செய்த தங்கைக்கு லிங்க்ட்இன்னில் நாலு வரி உண்மையாக எழுதிக் கொடுங்கள். நேர்முகத் தேர்வுக்கு முன் ஒரு மணித்தியாலம் காணொளியில் அவளோடு பேசுங்கள். பணம் அனுப்ப வசதியில்லாதவர்களும் செய்யக்கூடிய உதவி இது. தங்கைமாரே, நீங்களும் கூச்சப்படாமல் எமக்கு எழுதுங்கள். சங்கத்தின் செயலாளரிடம் சொன்னால், உங்கள் துறையில் உள்ள ஒருவரோடு தொடர்புபடுத்தி வைப்போம்.