ஓய்வும் மருந்துதான்
(கூட்டமைப்பின் மகளிர் தின விழாவில் பேசியது)



கால் பிசகினால் நாம் என்ன செய்கிறோம்? "வெறும் சுளுக்குதான்"னு துணியைச் சுத்திக்கிட்டு மறுநாளே களையெடுக்கப் போறோம். கூலி போயிடுமேன்னு பயம். சரியாக ஆறாத கணுக்கால் திரும்பத் திரும்பப் பிசகும். அப்போ பல நாள் கூலி போகும்.

நாலு எட்டு வைக்க முடியலையா? எலும்பைத் தொட்டால் வலிக்குதா? உடனே அரசு மருத்துவமனைக்குப் போய் எக்ஸ்ரே எடுக்கணும். வீங்கிய காலை உருவி விடக் கூடாது. துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்து, காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்கணும்.

போன வருஷம் வரப்பில் வழுக்கி விழுந்த நம் சகோதரி ஒருவர் இன்று 2 கிலோமீட்டர் ஓட்டத்தை முடித்தார். எப்படி? வீக்கம் வடிந்ததும் பாதத்தை மேலும் கீழும் அசைத்தார். பிறகு சுவரைப் பிடித்து ஒற்றைக்காலில் நின்று பழகினார். அரை மணி நேரம் வலியில்லாமல் நடந்த பிறகுதான் ஓட ஆரம்பித்தார்: 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. வலித்த அன்று நிறுத்தினார்.

அதுவரை அவர் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தது யார்? அவருடைய குழுதான், முறை வைத்து! கடன் கொடுப்பதோடு குழுவின் வேலை முடியவில்லை. அடிபட்டவருக்கு ஓய்வு கிடைக்கச் செய்வதும் நம் வேலையே.

வாரக் கூட்டத்தில் சேமிப்பு எழுதும்போதே, "யாருக்காவது உடம்பு முடியலையா?" என்றும் கேட்போம். அடுத்த வருஷம் இன்னும் பலர் ஓடுவோம்.