கார்மிஷ் பெண்ணின் இரண்டு முழங்கால்கள்

இன்று இயன்முறை மருத்துவத்தில் பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே,

இன்று உங்களிடம் ஜெர்மனியைச் சேர்ந்த பனிச்சறுக்கு வீராங்கனை மரியா ரீஷைப் பற்றிப் பேசப்போகிறேன். 2011-இல் திருமணமான பிறகு ஹோஃப்ல்-ரீஷ் என்று பெயர் நீண்டது. அவர் வென்ற ஒலிம்பிக் தங்கங்கள் மூன்று. ஆனாலும் நான் அவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அவருடைய முழங்கால்கள்தான். நாளை முதல் உங்கள் கைக்கு வரப்போகிறவை முழங்கால்கள் அல்லவா?

ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில், பவேரியாவில், கார்மிஷ்-பார்டன்கிர்ஷன் என்று ஓர் ஊர். 1936-இல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர். மரியா 1984-இல் அங்கே பிறந்தார். 2004-இல், 19 வயதில், உலகக் கோப்பைப் பந்தயங்களில் வெல்லத் தொடங்கினார். அதிலும் வியப்பு என்னவென்றால், ஒன்றுக்கொன்று வேறான வகைகளில் வென்றார். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பாயும் டவுன்ஹில்லுக்கு இரண்டு மீட்டருக்கு மேல் நீளமான சறுக்குப் பலகை வேண்டும். கம்பங்களுக்கு நடுவே நொடிக்கு நொடி வளைந்து வரும் ஸ்லாலமுக்குக் குட்டையான பலகை. இரண்டுக்கும் பயிற்சி வேறு, தசைகளின் வேலை வேறு, நெஞ்சுரமும் வேறு. பெரும்பாலான வீரர்கள் ஒரு கட்டத்தில் ஏதாவது ஒன்றை விட்டுவிடுவார்கள். ஆறடியை நெருங்கும் உயரமுள்ள இந்தப் பெண் ஸ்லாலமை விடவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இங்கே திரும்பி வருவோம்.

2005 ஜனவரியில் இத்தாலியின் கார்ட்டினாவில் விழுந்தார். முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் அறுந்தது. ஏன் முழங்கால் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சறுக்குக் காலணி கணுக்காலை இரும்புபோலப் பிடித்துக் காப்பாற்றுகிறது. நீண்ட பலகையோ நெம்புகோலாகித் திருகுகிறது. அந்தத் திருகல் முழுவதும் மேலேறிப் போய் நிற்கும் இடம் முழங்கால். நம் கபடி வீரர்கள் மடக்கிப் பிடிக்கப்படும்போது நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான்.

அறுவைச் சிகிச்சை செய்து, பல மாதம் பயிற்சி எடுத்து, அடுத்த பருவத்துக்குத் திரும்பினார். அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் ஆஸ்பனில் மறுபடியும் விழுந்தார். இந்த முறை மற்றொரு முழங்கால். பன்னிரண்டு மாதத்துக்குள் இரண்டு கால்களிலும் ஒரே தசைநார் போயிற்று. 2006 பிப்ரவரியில் டூரினில் ஒலிம்பிக் நடந்தபோது அவர் களத்தில் இல்லை. அப்போது அவருக்கு வயது 21.

இங்கே கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன், ஏனென்றால் எந்தப் பதக்கப் பட்டியலிலும் வராத பகுதி இது. புதிதாகப் பொருத்திய தசைநார் உடம்புக்குச் சொந்தமாக மாறப் பல மாதம் ஆகும். நடுவில் ஒரு காலகட்டத்தில் அது முன்பைவிடப் பலவீனமாகவே இருக்கும். நோயாளிக்கோ வலி குறைந்திருக்கும், சரியாகிவிட்டது என்று மனம் சொல்லும். தொடைத் தசை சூம்பிப்போயிருப்பதைக் கண்ணாடியில் பார்க்கும்போது அழுகை வரும். முதல் காயத்தில் நம்பிக்கையோடு செய்த அதே பயிற்சிகளை, அதே மேசையில், இரண்டாம் முறை தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டும். இரண்டாம் முறை நோயாளிக்கு எல்லாம் தெரியும். எந்த வாரத்தில் எது வலிக்கும் என்பதுகூடத் தெரியும். அதனாலேயே அது கடினம். மரியா அதைச் செய்தார். அவருடைய ஆகப் பெரிய சாதனை எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 2009-இல் வால் திசேரில் ஸ்லாலம் உலகச் சாம்பியன். 2010-இல் வான்கூவர் ஒலிம்பிக்கில், விஸ்லர் மலையில், டவுன்ஹில்லும் ஸ்லாலமும் சேர்ந்த சூப்பர் கம்பைண்டிலும், தனி ஸ்லாலமிலும் தங்கம். 2014 சோச்சியில் தொடக்க விழாவில் ஜெர்மனியின் கொடியை ஏந்தினார். சூப்பர் கம்பைண்டில் டவுன்ஹில் முடிந்ததும் ஐந்தாம் இடத்தில்தான் இருந்தார், ஸ்லாலமில் எல்லோரையும் தாண்டித் தங்கத்தைத் தக்கவைத்துக்கொண்டார். சூப்பர்-ஜி என்ற வேகப் பந்தயத்தில் வெள்ளி. உலகக் கோப்பைப் பந்தயங்களில் மொத்தம் 27 வெற்றிகள்.

நிதானமாகச் சொல்ல வேண்டியது 2011-ஆம் ஆண்டின் கதை. உலகக் கோப்பை என்பது அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை நீளும் போட்டி. ஒவ்வொரு பந்தயத்துக்கும் புள்ளிகள் உண்டு, கூட்டுத்தொகையில் முதலிடம் பெறுபவருக்குப் பெரிய படிக உருண்டை. முந்தைய மூன்று ஆண்டுகளும் அதை வென்றவர் அமெரிக்காவின் லிண்ட்சி வான். மரியாவின் நெருங்கிய தோழி. கிறிஸ்துமஸுக்குக் கார்மிஷில் மரியாவின் வீட்டில் வந்து தங்கியவர். அந்த மார்ச்சில் சுவிட்சர்லாந்தின் லென்சர்ஹைடேயில் கடைசி வாரம். மரியா 23 புள்ளிகள் முன்னால் இருந்தார். டவுன்ஹில்லில் லிண்ட்சிக்கு நான்காம் இடம், 50 புள்ளிகள். மரியாவுக்கு ஒன்றுமில்லை. இப்போது லிண்ட்சி 27 புள்ளிகள் முன்னால். அடுத்தது லிண்ட்சி பலமாக இருந்த சூப்பர்-ஜி. வானிலை கெட்டு அது ரத்தானது. ஸ்லாலமில் மரியாவுக்கு நான்காம் இடம், லிண்ட்சிக்குப் பதின்மூன்றாம் இடம். கடைசிப் பந்தயமும் ரத்தானது. 1728-க்கு 1725. மூன்று புள்ளி வித்தியாசத்தில் மரியா வென்றார்.

வானிலை தந்த கோப்பை என்று சிலர் சொன்னார்கள். லிண்ட்சியின் வருத்தம் நியாயமானது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். டவுன்ஹில்லுக்குப் பிறகு இரண்டு பந்தயங்களை வானிலை எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த ஒன்றில் 50 புள்ளிகளை ஈட்டித் தந்தது, மரியா இத்தனை ஆண்டுகளாக விடாமல் வைத்திருந்த ஸ்லாலம்.

அதே வானிலையும் அதே மலையும் எடுத்துக்கொள்ளவும் செய்யும். 2013 பிப்ரவரியில் லிண்ட்சியின் முழங்கால் ஷ்லாட்மிங் பந்தயத்தில் போயிற்று, பிறகு சோச்சி ஒலிம்பிக்கையும் அவர் இழந்தார். 2014 மார்ச்சில், மறுபடியும் லென்சர்ஹைடேயில், பருவத்தின் கடைசி டவுன்ஹில்லில் மரியா வேலியில் மோதி விழுந்தார். ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஒட்டுமொத்தக் கோப்பை ஆஸ்திரியாவின் அன்னா ஃபென்னிங்கருக்குப் போயிற்று. அதுவரை சேர்த்த புள்ளிகளால் டவுன்ஹில் வகைக்கான கோப்பை மட்டும் மரியாவிடம் தங்கியது. சில நாள்களில் ஓய்வை அறிவித்தார். அப்போது வயது 29.

மாணவச் செல்வங்களே, உங்கள் தொழிலும் இப்படித்தான் நடக்கும். நீங்கள் எல்லாம் சரியாகச் செய்த நோயாளி ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து மறுபடியும் வருவார். நீங்கள் அரைகுறையாகக் கவனித்த ஒருவர் தானாகவே குணமாகி உங்களைக் கையெடுத்துக் கும்பிடுவார். இரண்டிலும் உங்கள் பங்கு எவ்வளவு என்பதை நேர்மையாகக் கணக்கிடுங்கள். முதலாமவருக்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ள வேண்டாம். இரண்டாமவர் தந்த பாராட்டை வைத்து உங்கள் திறமையை அளக்கவும் வேண்டாம். இன்று முடங்கிய கால் எத்தனை பாகை மடங்கியது, நேற்று எத்தனை பாகை, அதைக் குறித்து வைத்தீர்களா என்று மட்டும் மாலையில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இரண்டாம் முறையாக அதே காயத்தோடு ஓர் இளம்பெண் உங்கள் முன் வந்து உட்காரும் நாள் வரும். கூட வந்த அப்பா, "இனிமேல் இவள் விளையாட முடியுமா?" என்று கேட்பார். பொய்யான நம்பிக்கை தராதீர்கள். அவசரப்பட்டு முடியாது என்றும் சொல்லாதீர்கள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பேசி, முதல் வாரப் பயிற்சியை அன்றைக்கே தொடங்குங்கள்.