குடத்துக்குப் பட்டா கிடையாது



இந்த நினைவுச் சொற்பொழிவு சத்துவாச்சாரியில் நடப்பது பொருத்தமே. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கேதான் இருக்கிறது. தண்ணீர் கேட்டு மனு கொடுக்கப் பெண்கள் வந்து நிற்கும் இடம் இது. அந்த மனுக்களில் எழுதப்படாத ஒன்றைப் பேச விரும்புகிறேன். வீட்டில் தண்ணீர் போதாவிட்டால் உடம்பு என்ன ஆகிறது?

1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழானதை அது பதிவு செய்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும் சொன்னது. ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு நிர்ணயித்திருப்பது 55 லிட்டர். இரண்டு கிலோ தோலுக்கு ஆகும் தண்ணீர்கூட இல்லை.

அந்தத் தீர்ப்பின் வழியே வந்த சூழலியல் இழப்பு ஆணையம், 2001இல் 26 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு நிர்ணயித்தது. கெட்டுப்போன விளைநிலமே அந்தக் கணக்குக்கு அடிப்படை. சுண்ணாம்புத் தொட்டியில் நின்ற நம் மக்களில் எத்தனை பேருக்கு நிலம் இருந்தது? கிணறு உப்பானபோது கூடுதல் தூரம் நடந்த பெண்ணின் கால்வலியை எந்தப் பட்டாவில் தேடுவது?

ஒரு கணக்குப் போடுவோம். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு, ஆளுக்கு 55 லிட்டர் வீதம் 275 லிட்டர் வேண்டும். 15 லிட்டர் குடத்தில் 18 குடத்துக்குச் சற்று மேல். தெருக்குழாயிலிருந்து தினமும் 18 குடம் யார் சுமப்பார்? ஆறோ ஏழோ குடத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். குடிக்கவும் சமைக்கவும் எடுத்து வைத்தபின் வெட்டு விழுவது கை கழுவுவதில், குளிப்பதில், கழிப்பறையில். பேதியும் சிரங்கும் அந்த வழியாக வருகின்றன. குடிக்கும் தண்ணீர் சுத்தமாக இருந்தாலும் அளவு போதாவிட்டால் நோய் வரும். கழிப்பறைக்குப் பயந்து பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள். சிறுநீர்த் தொற்று வருகிறது. வாரத்துக்கு ஒருமுறை வரும் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்தால், மூடாத டிரம்மில் டெங்குக் கொசு முட்டையிடுகிறது. டேனரியிலிருந்து திரும்புகிறவர் குளிக்கத் தண்ணீர் இல்லையென்றால், தொழிற்சாலை ரசாயனம் அவர் துணியோடு குழந்தையின் பாய்வரை வருகிறது.

குழாய் வந்துவிட்டால் போதுமா என்று கேட்கலாம். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்களுக்குத் தண்ணீர் தந்த மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது. குழந்தைகள் நோயுற்ற பிறகே அது தெரிய வந்தது. 1927இல் மகாடு குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்துத் தொடங்கிய போராட்டம், தொட்டியின் மூடிவரை நீள்கிறது. எனவே குழாயோடு சேர்த்து, தொட்டியின் பாதுகாப்பும் தண்ணீர்ப் பரிசோதனையும் நம் கோரிக்கை.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு வழக்கில் மீண்டும் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு இழப்பீடு கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்றது. 'பாதிக்கப்பட்டவர்' என்ற சொல்லுக்குள் யார் வருவார்கள் என்பதில் நாம் பேசியாக வேண்டும். பேசக் கையில் சான்று வேண்டும்.

மாணவர்களே, அந்த வேலை உங்களுடையது. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை குடம், எங்கிருந்து, எவ்வளவு நேரம், சுமந்தவர் யார், கேன் தண்ணீருக்கு எவ்வளவு செலவு, அந்த மாதம் யாருக்குப் பேதி, யாருக்குச் சிரங்கு என்று எழுதுங்கள். சேரித் தெருவுக்கும் ஊர்த் தெருவுக்கும் தனித்தனியாக எழுதி, இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். அந்த நோட்டோடு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போவோம்.

ஜெய்பீம்.