வெள்ளைப்பூண்டும் ஆறு மாத மாத்திரையும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

 

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்திலிருந்து ஓதிப் பார்ப்பதற்காக நம்மிடம் வருவோரில் நீங்காத இருமல் உள்ளவர்கள் பலர். ஓதி ஊதிய தண்ணீரை வாங்கிக்கொண்ட பின் அவர்களில் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி ஒன்றே: "ஹஜ்ரத், தேனில் ஊறவைத்த பூண்டை வெறும் வயிற்றில் சாப்பிட்டால் நுரையீரல் சுத்தமாகிவிடுமாமே? நபிமொழியிலும் இருக்கிறதாமே?" பள்ளிவாசலில் ஒருவர் சொன்னார் என்றாலே அது மார்க்கம் என்று மக்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே, பள்ளிவாசலில் வைத்தே இதற்கு விடை கூற வேண்டியது நமது கடமையாகிறது.

முதலில் மார்க்கத்தின் பக்கம். வெள்ளைப்பூண்டு ஹலாலான உணவு, அதில் ஐயமில்லை. பூண்டையோ வெங்காயத்தையோ பச்சையாகத் தின்றவர் அந்த வாடை நீங்கும்வரை பள்ளிவாசலுக்கு வராமல் ஒதுங்கியிருக்க வேண்டும் என்ற கருத்தில் புகாரியிலும் முஸ்லிமிலும் ஹதீஸ்கள் உள்ளன. உண்டே தீர வேண்டுமெனில் சமைத்து அதன் வாடையைப் போக்கிக்கொள்ளுமாறு உமர் (ரலி) அவர்கள் அறிவுறுத்தினார்கள். மதீனாவில் அபூஅய்யூப் அன்சாரி (ரலி) அவர்கள் அனுப்பிவைத்த பூண்டு சேர்ந்த உணவை நபி (ஸல்) அவர்கள் உண்ணவில்லை. இது ஹராமா என்று அந்த ஸஹாபி கவலையுடன் வினவியபோது, ஹராம் அன்று, வாடையின் காரணமாகத் தாம் விரும்பவில்லை என விளக்கினார்கள். பூண்டைக் குறித்து ஆதாரப்பூர்வமாக நமக்குக் கிடைப்பவற்றில் முக்கியமானவை இவையே. பூண்டு எழுபது நோய்களுக்கு மருந்து என்று துண்டுப் பிரசுரங்களில் அச்சிட்டு விநியோகிக்கப்படும் செய்தி ஸிஹாஹ் ஸித்தாவின் ஆறு நூல்களில் எதிலும் இல்லை. கருஞ்சீரகத்தைப் பற்றி வந்த ஹதீஸைப் பூண்டின் மீது ஏற்றிச் சொல்வோரும் உண்டு. நபி (ஸல்) அவர்கள் சொல்லாததை அவர்கள் சொன்னதாகச் சொல்வது எத்துணை பெரிய குற்றம் என்பதை இச்சபைக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் பூண்டில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. பூண்டுப் பல்லை நசுக்கும்போது அதிலுள்ள இரு பொருள்கள் ஒன்றோடொன்று கலந்து அல்லிசின் என்னும் புதிய பொருள் பிறக்கிறது. அந்தக் காரமான வாடைக்கு மூலம் அதுவே. 1944ஆம் ஆண்டு அமெரிக்காவில் கவலிட்டோ, பெய்லி என்னும் இருவர் இதைப் பிரித்தெடுத்து, கிருமிகளைக் கொல்லும் ஆற்றல் அதற்கு உண்டென்று காட்டினர். அதற்கும் முன்பே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அயர்லாந்தில் மின்சின் என்னும் மருத்துவர் காசநோயாளிகளுக்குப் பூண்டைக் கொடுத்துப் பார்த்தார்; பலன் கண்டதாக எழுதியும் வைத்தார். அது காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம். நமது தாம்பரம் சானடோரியம் 1928இல் டாக்டர் சவுரிமுத்து அவர்களால் தொடங்கப்பட்டபோதும் அங்கே நோயாளிக்குக் கிடைத்தவை ஓய்வும், தூய காற்றும், நல்ல உணவுமே. எழுத்தாளர் புதுமைப்பித்தன் 1948இல் இந்நோய்க்கே பலியானார். வேறு வழியற்ற அக்காலத்தவர் பூண்டை நாடியதில் குறை காண இயலாது.

ஆனால், ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் கிருமி சாவது வேறு. மனிதனின் நுரையீரலுக்குள் சாவது வேறு. தட்டில் ஊற்றினால் வினிகரும் கிருமியைக் கொல்லும். அல்லிசின் நிலையற்ற பொருள். சமைத்தால் அது உருவாகும் வழியே அடைபட்டுவிடுகிறது. பச்சையாக உண்டாலும் இரத்தத்தில் கலந்த சிறிது நேரத்திலேயே வேறு பொருள்களாக மாறிவிடுகிறது. அப்படி மாறியவற்றுள் ஒன்று நுரையீரல் வழியாக மூச்சில் வெளியேறுகிறது. பூண்டு தின்றவரின் வாய் பல் துலக்கிய பின்னும் நாறுவது அதனால்தான். மூச்சில் மணப்பதால் நுரையீரலைப் பூண்டு கழுவிவிட்டது என்று நம் மக்கள் எண்ணியிருக்கலாம். அங்கே வந்து சேர்வது வாடைதான். கிருமியைக் கொல்லப் போதுமான மருந்தன்று.

இதனை மனிதர்களிடம் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். பிறவியிலேயே நுரையீரலில் கெட்டிச் சளி தேங்கும் ஒரு நோய் மேலைநாடுகளில் மிகுதி. அந்நோயாளிகளின் நெஞ்சில் ஒருவகைக் கிருமி ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும். அக்கிருமிகள் தங்களுக்குள் செய்தி பரிமாறிக் கூட்டாகத் தாக்குவதைப் பூண்டுச் சாறு தடுப்பதாக டென்மார்க் ஆய்வாளர்கள் 2005இல் எலிகளிடம் கண்டனர். நம்பிக்கையூட்டும் செய்திதான். பிறகு இங்கிலாந்தின் நாட்டிங்காமில் சிறு எண்ணிக்கையிலான நோயாளிகளுக்கு எட்டு வாரம் பூண்டு மாத்திரை கொடுத்தார்கள். அதன் முடிவு 2010இல் வெளியானது. வெற்று மாத்திரை உண்டவர்களுக்கும் பூண்டு உண்டவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை.

சகோதரர்களே! நம் பகுதியில் நீங்காத இருமல் என்றவுடன் முதலில் ஐயுற வேண்டியது காசநோயை. உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் நம் நாட்டவர். வார்ப்புப் பட்டறைகளிலும் கல் உடைக்கும் இடங்களிலும் மணல் தூசியைச் சுவாசிப்போருக்கு இந்நோய் எளிதில் பற்றும். புகைப்போருக்கும் சர்க்கரை நோயாளிக்கும் அவ்வாறே. எல்லா இருமலும் காசநோய் அன்று என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஆஸ்துமாவாகவோ, புகையால் வந்த நுரையீரல் அடைப்பாகவோ, வேறு தொற்றாகவோ இருக்கலாம். எதுவென்று சொல்ல வேண்டியது சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும். நாமும் அன்று, பக்கத்து வீட்டாரும் அன்று.

இந்நோயைத் தீர்க்கும் வழியை உலகத்துக்கே கற்றுக்கொடுத்த ஊர் நம் சென்னை என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆவடியிலிருந்து மின்தொடர் வண்டியில் ஏறி, பூங்கா நிலையத்தில் வண்டி மாறினால் இரண்டாவது நிறுத்தம் சேத்துப்பட்டு. அங்கே 1956இல் சென்னை கீமோதெரபி மையம் தொடங்கப்பட்டது. இன்று அதன் பெயர் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மறு பகுதியினரை அவரவர் வீட்டிலேயே இருக்கச் செய்தார்கள். இரு சாராருக்கும் ஒரே மாத்திரைகள், ஓராண்டுக் காலம். சானடோரியத்தில் ஓய்வும் சத்துணவும் உண்டு. வீட்டிலோ நெருக்கடியும் அரைவயிறும். ஆயினும் சானடோரியத்தில் 92 விழுக்காட்டினரும் வீட்டில் 86 விழுக்காட்டினரும் நல்ல பலன் பெற்றனர். வீட்டில் சிகிச்சை பெற்றதால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959இல் இம்முடிவு வெளியான பின், குடும்பத்தை விட்டு ஆண்டுக்கணக்கில் பிரிந்து சானடோரியத்தில் கிடக்க வேண்டிய நிலை உலகெங்கும் மெல்ல மறைந்தது. குடிசையில் வாழ்ந்த அந்த ஏழைகள் மாத்திரையை விடாமல் விழுங்கியதால் கிடைத்த நன்மை அது.

விடாமல் விழுங்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. காசநோய்க் கிருமி மிக மெதுவாகப் பெருகுவது. மெழுகு போன்ற உறை உடையது. உடலின் காவல் அணுக்களுக்குள்ளேயே புகுந்து உறங்கவும் வல்லது. அதனால்தான் முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள் என ஆறு மாதம் நாள்தோறும் தருகிறார்கள். சில வாரங்களிலேயே இருமல் தணியும், பசி எடுக்கும், எடை கூடும். நோயாளிக்குத் தாம் குணமாகிவிட்டதாகத் தோன்றும். அதே நாள்களில் அவர் பூண்டும் தின்றுகொண்டிருந்தால், புகழ் முழுவதும் பூண்டுக்குப் போய்விடும். மாத்திரையோ குமட்டலைத் தருகிறது. சிறுநீரைச் செம்மஞ்சளாக்கி வீட்டாரை அஞ்ச வைக்கிறது. (அந்த நிறம் ரிஃபாம்பிசின் மருந்தின் நிறமே, இரத்தமன்று.) ஆக, மாத்திரையை நிறுத்திப் பூண்டைத் தொடர்கிறார்கள்.

நமது மஹல்லாவில் இவ்வாறு நிகழ்ந்தது. பட்டறை ஒன்றில் லேத் வேலை செய்யும் இளைஞர். அவருடைய இசைவுடன், பெயரை மட்டும் தவிர்த்துச் சொல்கிறோம். இரண்டாம் மாத முடிவில், உறவினர் ஒருவரின் பேச்சைக் கேட்டு மாத்திரையை விட்டுவிட்டுத் தேன்பூண்டுக்கு மாறினார். ஐந்து மாதம் நன்றாகவே இருந்தார். பின்னர் ஒருநாள் ஃபஜ்ரு தொழுகைக்கு வந்தவர் ஒளுச் செய்யும் இடத்தில் இரத்தம் துப்பினார். மறுபடி சோதித்ததில், முன்பு உண்ட முக்கிய மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமியாக அது மாறியிருந்தது. அல்லாஹ்வின் கிருபையால் அதற்கும் புதிய மருந்துகள் வந்துள்ளன. முன்பு ஒன்றரை ஆண்டுக்கு மேல் நீண்ட சிகிச்சையைத் தகுதியுடையோருக்கு ஆறு மாதத்தில் முடிக்கும் முறைக்கு நம் அரசு 2024இல் ஒப்புதல் அளித்தது. அவர் இப்போது அந்த மருந்தில் இருக்கிறார். அவருடைய இரண்டு வயதுக் குழந்தைக்கும் தடுப்பு மருந்து கொடுக்க வேண்டியதாயிற்று. அவருக்குப் பூண்டு சொன்ன உறவினர் கெட்டவர் அல்லர், அன்பினால் சொன்னார். ஆயினும், மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர் அதனால் நேரும் கேட்டுக்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூதில் ஹதீஸ் வந்துள்ளதை நாம் அனைவரும் அஞ்ச வேண்டும். ஸஅத் (ரலி) அவர்கள் நெஞ்சு நோயால் வாடியபோது நபி (ஸல்) அவர்கள் பேரீச்சம்பழத்தையும் சொன்னார்கள். ஸகீஃப் குலத்து மருத்துவர் ஹாரிஸ் இப்னு கலதாவிடம் செல்லுமாறும் பணித்தார்கள் என்ற செய்தியும் அதே நூலில் இடம்பெறுகிறது.

மாத்திரையுடன் சேர்த்துப் பூண்டு தின்னலாமா என்று கேட்பீர்கள். குழம்பிலும் ரசத்திலும் நோன்புக் கஞ்சியிலும் போடும் பூண்டு உணவு. அதை எவரும் தடுக்கவில்லை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடே கிடைத்துள்ளது; வாங்கிச் சமைத்து உண்ணுங்கள். மருந்தென்று கருதிப் பச்சையாகக் கைப்பிடியளவு விழுங்குவதையும், பூண்டுச் சத்து மாத்திரைகளையுமே நாம் எச்சரிக்கிறோம். சண்டிகர் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பூண்டுச் சாறு கொடுக்கப்பட்ட முயல்களின் இரத்தத்தில் ஐசோனியாசிட் என்னும் முக்கியக் காசநோய் மருந்தின் அளவு குறைந்தது. முயல் மனிதன் அன்றுதான். இருந்தும் எதற்கு இந்தச் சோதனை? இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்போருக்கும், அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்போருக்கும் மிகுதியான பூண்டு இரத்தப்போக்கை உண்டாக்கக்கூடும். அத்தகையோர் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூண்டு வாடைக்கே பள்ளிக்கு வர வேண்டாம் என்றால், பிறருக்குத் துன்பம் தரும் நோயுள்ளவரையும் ஃபிக்ஹு அறிஞர்கள் அத்துடன் ஒப்பிட்டே பேசியுள்ளனர். நோய் கண்டறியப்பட்டவர் மருத்துவர் சொல்லும்வரை சில வாரங்கள் வீட்டிலேயே தொழட்டும். அவருக்கு அது குறையாகாது. ஆனால், முறையாக மருந்துண்டு, இனித் தொற்றாது என்று மருத்துவர் கூறிய பின்பும் அவரை ஸஃப்பில் நெருங்கவிடாமல் விலகுவதும், கஞ்சிக் கோப்பையைத் தனியாக வைப்பதும் எந்தக் கிதாபில் உள்ளது? இந்நோய் காற்றில் பரவுவது, கோப்பையில் பரவுவதன்று. பெண்பிள்ளைக்கு வரன் தட்டிப்போகும் என்று அஞ்சி மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைக்கும் தாய்மார்கள் நம்மிடையே உண்டு. அந்த அச்சத்தை உண்டாக்கியவர்கள் நாம்தாம். அதை நீக்க வேண்டியவர்களும் நாமே.

ரமளானைப் பற்றி: நோயாளிக்கு நோன்பை விட்டுப் பின்னர் கழாச் செய்யும் சலுகையை அல்லாஹ்வே வழங்கியிருக்கிறான். நோன்பைக் காரணம் காட்டி ஒருநாள் மாத்திரையைக்கூட விடக் கூடாது. நோன்பு வைக்க உடல் இடம் தருமா, ஸஹரில் மருந்துண்டால் போதுமா என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சத்துணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டு, 2024 நவம்பர் முதல் அது 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. நோயாளியின் வங்கிக் கணக்குக்கே வரும். மிகவும் நலிந்த நோயாளிகளைத் தொடக்கத்திலேயே இனங்கண்டு மருத்துவமனையில் சேர்க்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டம் 2022 முதல் நம் மாநிலத்தில் நடந்துவருகிறது. இவற்றைப் பெறுவதற்கு வெட்கப்பட ஏதுமில்லை.

நிர்வாகக் குழுவினரிடம் நமது வேண்டுகோள், பைத்துல்மாலிலிருந்து இந்நோயாளிகளின் வீடுகளுக்கு ஆறு மாத காலம் முட்டையும் பருப்பும் வழங்க வேண்டும் என்பதே. ஆறு மாதம் கூலி இழக்கும் குடும்பத்துக்கு அதுவே மருந்தைத் தொடரத் துணை செய்யும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, சளியில் இரத்தம் இவற்றில் எது இருந்தாலும் இஷா தொழுகைக்குப் பின் நம்மிடம் தனியாகச் சொல்லுங்கள். ஓதியும் பார்ப்போம், மறுநாள் காலையில் மருத்துவமனைக்கு உடன் வரவும் செய்வோம். காலையில் எழுந்தவுடன் வரும் சளியே பரிசோதனைக்கு ஏற்றது. அதற்கான மூடியிட்ட குப்பியை அங்கேயே கொடுப்பார்கள்.