கால் மணி நேரக் கதையும் இரண்டு மணி நேரப் படமும்

(பழைய மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அவர்கள் போனில் கூப்பிட்டு, "தொழில் வளர்ச்சின்னு ஏதாவது பேசுடே" என்றார். அதைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் முன்வரிசையிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். நான் ஒரு சினிமாவைப் பற்றிப் பேசப் போகிறேன். காரணம், உங்கள் கையில் இருக்கும் அழைப்பிதழின் கடைசிப் பக்கம். நம் மாணவர்களின் குறும்படக் குழு, விடுதியின் புகழ்பெற்ற 'ஐந்தருவி சைக்கிள் கதை'யைப் படமாக எடுக்கப் போகிறதாம். 'ஆக்‌ஷன் காமெடி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். டிரோன் கூட வாடகைக்குப் பேசியாச்சு என்று கேள்வி. சந்தோஷம். ஆனால் இதே வேலையை அமெரிக்காவில் ஒருத்தர் செய்து பார்த்துவிட்டார். அவர் கதையைக் கேட்டுவிட்டு ஆரம்பிக்கலாமே என்பதுதான் என் விண்ணப்பம்.

பெர்ட் க்ரைஷர் என்று பெயர். தனி ஆளாக மேடையில் நின்று சிரிக்க வைப்பவர். ஸ்டாண்ட்-அப் காமெடி என்கிறோமே, அது. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் பேசுவார். (குற்றாலத்துக்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.) புளோரிடா ஸ்டேட் யுனிவர்சிட்டியில் படித்தவர். படித்தவர் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். 1997-ல் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை, கும்மாளம் போடுவதில் நாட்டிலேயே முதல் கல்லூரியில் முதல் மாணவர் என்று அவரைப் பற்றித் தனிக் கட்டுரையே வெளியிட்டது. நம்மில் சிலருக்கு அந்தப் பத்திரிகை கண்ணில் படாமல் போனோமே என்ற வருத்தம் இருக்கலாம்.

அவர் சொல்லும் கதை இது. ரஷ்ய மொழி வகுப்பில் சேர்கிறார், மொழி வரவில்லை, ஆனாலும் வகுப்போடு ரஷ்யாவுக்குச் சுற்றுலா போகிறார். அங்கே ரவுடிகள் சிலரோடு சேர்ந்து குடிக்கிறார். அரைகுறை ரஷ்ய மொழியில் எதையோ சொல்ல வாயெடுத்து "நான்தான் மெஷின்" என்று உளற, அதுவே பட்டப்பெயராகிவிடுகிறது. கடைசியில் ராத்திரி ரயிலில் அந்த ரவுடிகளோடு சேர்ந்து பெட்டி பெட்டியாகக் கொள்ளை! பறிபோனதில் கூட வந்த வகுப்புத் தோழர்களின் பைகளும் சேர்த்தி. இதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு சரடு என்று கேட்கக் கூடாது. விடுதிக் கதைக்கு ஆடிட் கிடையாது. 2016-ல் அவர் மேடையில் சொன்ன பதிவு இணையத்தில் காட்டுத்தீயாய்ப் பரவியது. மொத்தமே கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

அதை வைத்து 2023-ல் 'தி மெஷின்' என்று படம் எடுத்தார்கள். இயக்கியவர் பீட்டர் அடென்சியோ. க்ரைஷர் க்ரைஷராகவே வருகிறார். அவர் அப்பாவாக 'ஸ்டார் வார்ஸ்' மார்க் ஹாமில். செர்பியாவில் படப்பிடிப்பு. சுமார் 2 கோடி டாலர் செலவு செய்து, திரும்பி வந்தது 1 கோடிக்குச் சற்று மேலே. விமர்சகர்கள் பெரும்பாலும் கையை இறுக்கி மார்க் போட்டார்கள். டிக்கெட் எடுத்துப் பார்த்த ரசிகர்கள் அதைவிடத் தாராளம். ஒரே படத்துக்கு இப்படி இரண்டு பரீட்சை முடிவு எப்படி வந்தது?

எனக்கு விடை தெரிந்தது ஒரு நண்பர் வீட்டு வரவேற்பறையில். ஆறு பேர் சேர்ந்து பார்த்தோம். இரண்டு பேருக்கு மேடைக் கதை மனப்பாடம். மற்ற நாலு பேருக்கு ஆளையே தெரியாது. ரயில் காட்சி நெருங்க நெருங்க அந்த இரண்டு பேரும் நுனி சோபாவுக்கு வந்துவிட்டார்கள். வசனம் வருமுன்னே சிரிப்பு வந்துவிட்டது. நாலு பேரும் திரையைப் பார்க்காமல் இவர்களைப் பார்த்தார்கள்: 'என்னத்துக்குச் சிரிக்கான்?' அப்புறம் அடிதடி ஆரம்பித்ததும் தலைகீழ். நாலு பேர் ரசிக்கிறார்கள், இரண்டு பேர் போனை எடுத்துவிட்டார்கள். படம் முடிந்து கேட்டபோது அதில் ஒருத்தர் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் மனசுல பார்த்த ரயில் இதைவிடப் பெருசுடே."

இதைத்தான் யோசிக்கணும். மேடையில் ஒருவர் கதை சொல்லும்போது ரயிலைக் கட்டுவது அவர் இல்லை, கேட்கிறவர். இருட்டு, பெட்டி, ரவுடியின் முகம் எல்லாம் நம் செலவு. எங்கள் துறையில் சொல்வதானால் பாதி லோடு கேட்பவர் தோளில். படம் எடுத்தால் அந்தப் பாதியையும் கேமராவே தூக்க வேண்டியதாகிறது. தூக்கலாம், தப்பில்லை, ஆனால் நாம் சும்மா உட்கார்ந்துவிடுகிறோம். ரசிகமணி டி.கே.சி. தம் கடைசிக் காலத்தை நம் குற்றாலத்தில்தான் கழித்தார். பாட்டை வாய்விட்டுச் சொல்லிக் காதால் அனுபவிக்க வேண்டும் என்று சாதித்தவர். கேட்கத் தெரிந்ததற்காகவே பட்டம் வாங்கிய மனிதர் வாழ்ந்த ஊர் இது என்பதை நம் பிள்ளைகள் மறந்துவிடக் கூடாது.

தமிழிலும் இந்தக் கைமாற்றம் நடந்திருக்கிறது. நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், நந்தனார் சரித்திரத்தின் பாணியில் 'கிந்தனார்' என்று ஒரு கதாகாலட்சேபம் வைத்திருந்தார். படிக்க ஆசைப்பட்ட ஒடுக்கப்பட்ட குலத்துப் பையன் சென்னைக்குப் போய்ப் படித்து ஆளாகி வருகிற கதை. 1949-ல் அண்ணா எழுதி, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய 'நல்லதம்பி'யில் அது வந்தது. எப்படி வந்தது? காலட்சேபமாகவே வந்தது. கதை சொல்கிறவரையும் கேட்கிற சபையையும் படத்துக்குள் உட்கார வைத்துவிட்டார்கள். என் அபிப்பிராயத்தில் செர்பியாவில் ரயில் ஓட்டியவர்களைவிட நம்மவர்கள் கெட்டிக்காரர்கள்.

இன்னொருவர் நம் ஆள், அதாவது மெக்கானிக்கல். கிரேசி மோகன் அவர்கள் கிண்டி பொறியியல் கல்லூரி மாணவர். 1972-ல் கல்லூரி நாடகப் போட்டிக்கு அவர் எழுதியது 'கிரேட் பேங்க் ராபரி'. இவருக்கும் கொள்ளைதான்! அவருடைய 'மேரேஜ் மேட் இன் சலூன்' நாடகம் 1983-ல் கே. பாலசந்தர் கையில் 'பொய்க்கால் குதிரை' ஆனது. மேடை நடிகர் சிரிப்பு அடங்கும் வரை காத்திருப்பார், ஃபிலிம் காத்திருக்காது. அவர் வசனம் எழுதிய 1990-ம் வருஷத்து 'மைக்கேல் மதன காமராஜன்' தெரியுமல்லவா? சிரிப்பில் அமுங்கிப்போன அடுத்த ஜோக்கைக் கேட்கவே திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள் உண்டு. கடைசியில் மலை உச்சியில் வீடு சாய்கிறபோதும் ஒருத்தரும் வாயை மூடுவதில்லை. குறும்படக் குழு குறித்துக்கொள்ளட்டும்: சண்டை வந்தால் பேச்சு நிற்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

சரி, நம்ம கதைக்கு வருவோம். புதியவர்களுக்காகச் சுருக்கமாக. சாரல் சீசன், ராத்திரி பதினோரு மணி. எனக்கு மூன்று வருஷம் மூத்த செட்டில் மூன்று பேர், கேட்டில் சாத்தியிருந்த வாட்ச்மேன் அண்ணாச்சியின் சைக்கிளை எடுத்துக்கொண்டு டிரிபிள்ஸில் ஐந்தருவிக்குக் கிளம்பினார்கள். அண்ணாச்சி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, டார்ச்சும் விசிலுமாக மேலகரம் வரை துரத்தினார். அவர் "நில்லுங்கலே" என்று கத்தவில்லை. "ஏலே, பின் வீல்ல காத்து கம்மியா இருக்குலே!" என்று கத்தினார். (சிரிப்பு. அந்த வரியைச் சபை முழுக்கச் சேர்ந்து சொன்னது.)

பார்த்தீர்களா? நான் பாதிதான் சொன்னேன், மீதியை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். வருஷா வருஷம் முன்வரிசையில் இருக்கும் டிராக்டர் அண்ணன் விசிலோடு நடித்துக் காட்ட, நாம் கோரஸ் பாடுகிறோம். இந்தச் சத்தத்தை எந்த டிரோன் எடுக்கும்?

இன்னொன்று. 'தி மெஷின்' படத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டும். மேடைக் கதையில் கொள்ளையோடு சிரிப்பு முடிந்தது. படத்தில், அன்று ரயிலில் திருடு போன ஒரு கடிகாரத்தைத் தேடிக்கொண்டு, இருபது வருஷத்துக்கு மேல் கழித்து ஒரு பெண் அவர் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறாள். பறிகொடுத்தவன் என்ன ஆனான் என்று மேடையில் யாரும் கேட்கவில்லை, படம் கேட்டது. அப்புறம் துப்பாக்கிச் சத்தத்தில் கேள்வி காணாமல் போனது வேறு விஷயம்.

நம் கதையின் கடைசி வரி என்ன? "குளிச்சிட்டு வந்து பார்த்தா சைக்கிளைக் காணோம்." கைதட்டல், முடிந்தது. அண்ணாச்சி அதற்கப்புறம் வீட்டிலிருந்து டூட்டிக்கு நடந்து வந்ததை ஜூனியர்களான நாங்கள் பார்த்திருக்கிறோம். அந்தக் காட்சி கதையில் கிடையாது. "சைக்கிளுக்கு என்ன வழி பண்ணினீங்க?" என்று டிராக்டர் அண்ணனிடம் போன வருஷம் கேட்டேன். "அதை விடுலே" என்றார். கோபித்துக்கொள்ளாதீங்க அண்ணே, உங்களை விட்டால் இந்தக் கதையைச் சொல்ல ஆள் கிடையாது. ஆனால் துரத்தினவர் பக்கத்துக் கதையை இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் போய்க் கேட்கவில்லையே.

தம்பிகளா, படம் எடுங்கள். டிராக்டர் அண்ணன் இதே மேடையில் நின்று சொல்வதாகவே எடுங்கள். ஆனால் ஸ்கிரிப்ட் எழுதுமுன் அண்ணாச்சியைப் பாருங்கள். ஓய்வு பெற்று இலஞ்சியில்தான் இருக்கிறார். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை நான் போகிறேன். டிராக்டர் அண்ணனும் கூட வரணும். தென்காசியில் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கிற சைக்கிள் கடை எதுவென்று தெரிந்தவர்கள், சாப்பாட்டுப் பந்தியில் என்னிடம் சொல்லுங்கள்.