தடுப்புக் காவலில் நலிவுற்றோர்: சட்டம் தரும் காப்பும் சமூகத்தின் கடமையும்

(பொபினியில் பெற்றோர், இளையோர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்துவடிவம்)



பொபினி என்றதும் தமிழர் பலருக்கு நினைவில் எழுவது வதிவிட அட்டைக்கான பிறிபெக்சர் வரிசையே. றுவாசி விமான நிலையத்தில் மறிக்கப்படுவோரின் காவலை நீடிப்பதா, விடுவிப்பதா என்ற வழக்குகளும் பொபினி நீதிமன்றத்துக்கே உரியவை. 2017 ஒக்டோபரில் அவ்விசாரணைகளுக்கென விமான நிலையக் காத்திருப்பு வலயத்தருகே தனிக் கிளை திறக்கப்பட்டது. லாசப்பலில் இருந்து உறவினர் சென்று பார்ப்பது அதனால் மேலும் கடினமாயிற்று.

அந்த வலயத்தில் 2011இல் ஓர் ஈழத்தமிழர் மறிக்கப்பட்டார். அவரது தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. ஆனால் வலயத்தின் மருத்துவர் அவரது காயங்களைத் துல்லியமாக விவரித்துச் சான்றிதழ் எழுதியிருந்தார். 2013 செப்டெம்பர் 19 அன்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அச்சான்றிதழை முதன்மையாகக் கொண்டு, அவரைத் திருப்பியனுப்புவது சித்திரவதைத் தடைக்கு முரணாகும் எனத் தீர்ப்பளித்தது. அதிகாரிகள் அக்காயங்களின் காரணத்தை உரியவாறு ஆராயவில்லை என்பதே தீர்ப்பின் சாரம். ஒரு மருத்துவரின் ஒரு தாள் ஓர் உயிரைக் காத்தது.

சித்திரவதைக்கு உள்ளானோர், கர்ப்பிணிகள், கடும் நோயாளர், மாற்றுத்திறனாளிகள், சிறுவர் ஆகியோரை நலிவுற்றோர் என ஐரோப்பியச் சட்டம் வகுத்துள்ளது. தனித்து வரும் சிறுவருக்கு எல்லையில் சட்டப் பிரதிநிதி நியமிக்கப்படவேண்டும். நாடுகடத்தலுக்கான தடுப்பு நிலையங்களில் சிறுவரை அடைப்பதை 2024 சனவரிச் சட்டம் தடைசெய்தது. மயோத் தீவுக்கு அத்தடை பின்போடப்பட்டது. விமான நிலைய வலயங்களை அது உள்ளடக்கவே இல்லை. வயதுவந்தோருக்கான தடுப்பின் உச்ச எல்லையையோ 2018ஆம் ஆண்டுச் சட்டம் 45 நாளிலிருந்து 90 நாளாக உயர்த்தியது.

சட்டத்தில் காப்பு இருப்பினும், கேளாதவருக்கு அது கிட்டுவதில்லை. தடுக்கப்பட்டவர் மருத்துவரையும் சட்டத்தரணியையும் மொழிபெயர்ப்பாளரையும் கோரலாம். அனபே, சிமாட் போன்ற அமைப்புகள் இத்துறையில் நீண்டகாலம் உதவி வருபவை.

பெற்றோரே, உறவினர் ஒருவர் மறிக்கப்பட்டால், வெட்கத்தால் தழும்பையோ மனநோயையோ மறைக்குமாறு அவருக்கு அறிவுரை கூறாதீர்கள். ஊரிலுள்ள மருத்துவப் பதிவுகளை விரைந்து பெற்று அனுப்புங்கள்.

இளையோரே, உங்கள் பிரெஞ்சு மொழித்திறன் தொலைபேசி அழைப்புக்கும் கடிதத்துக்கும் பெருந்துணை. ஆயினும் பட்ட கொடுமையைப் பெற்ற பிள்ளையின் வாயால் மொழிபெயர்க்கச் சொன்னால், தாய் பாதியை விழுங்கிவிடுவாள். அவ்விடத்தில் உரிய மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்குங்கள். சொல்லப்படாத காயத்தை எந்த நீதிபதியாலும் காண இயலாது.